ஏற்பவர் தலை நிமிர ஈவதே தானம்

அட்சய திருதியை நன்னாள் வரும்போதெல்லாம் பகவான் விருஷபதேவர் முதன்முதலாக ஆகாரம் ஏற்ற வரலாற்றை நம் ஜினாலயங்களில் கேட்டு மகிழ்கிறோம். சிரேயாம்ச குமாரன் கரும்பின் சாற்றைப் பகவானின் திருக்கரங்களில் வார்த்ததையும், தேவர்கள் வியந்து போற்றியதையும் நம் பிள்ளைகள்கூட அறிவார்கள். ஆனால் அந்நிகழ்ச்சிக்கு முன் நடந்ததை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. இன்று அதனைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

துறவு பூண்டு ஆறு திங்கள் யோகத்தில் நின்ற பகவான், அதன்பின் ஆகாரத்தின்பொருட்டு ஊர்தோறும் எழுந்தருளினார். மக்கள் அவரைக் கண்டு ஓடோடி வந்தனர். அவர்கள் உலோபிகள் அல்லர். யானைகளையும் குதிரைகளையும் கொண்டுவந்து நிறுத்தினர். மணிகளையும் பட்டாடைகளையும் கொண்டுவந்து குவித்தனர். தம் மகளிரையே மணமுடித்துத் தர முன்வந்தவர்களும் உளர். பகவானோ அவற்றுள் ஒன்றையும் நோக்காது மௌனமாக மேலே நடந்தார். திங்கள் பல கழிந்தன. ஒரு நாடே அள்ளிக் கொடுக்கக் காத்திருந்தும் உலக குருவுக்கு ஒரு கவளம் உணவு கிடைக்கவில்லை!

இதற்குக் காரணம் யாது? மக்கள் தாம் உயர்வாகக் கருதியவற்றைக் கொடுக்க முனைந்தார்கள். முனிவருக்கு வேண்டுவது யாது என்பதை அறிந்தார்கள் இல்லை. அத்தினாபுரத்துச் சிரேயாம்சனோ, முற்பிறவியில் தான் ஸ்ரீமதியாகவும் பகவான் வஜ்ரஜங்கனாகவும் இருந்தபோது சாரண முனிவர்களுக்கு ஆகாரம் அளித்த முறையை நினைவு கூர்ந்தான். வணங்கி எதிர்கொண்டான். உரிய பொருளை உரிய முறையில் அளித்தான். அன்றுதான் இவ்வுலகில் தான தீர்த்தம் தோன்றியது. தானம் பிறப்பதற்கு மிகுந்த செல்வமும் கனிந்த நெஞ்சமும் மட்டும் போதா. ஏற்பவரின் நிலையை அறிகின்ற அறிவும் உடன் வேண்டும் என்பதே இவ்வரலாறு நமக்குப் புகட்டும் முதற்பாடமாகும்.

உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் தானத்தின் இலக்கணத்தை மிகச் சுருக்கமாக வகுத்திருக்கிறார். தனக்கும் பிறர்க்கும் நன்மை உண்டாகும்பொருட்டுத் தன்னுடைய பொருளை விட்டுக்கொடுப்பது தானம் என்பது அதன் கருத்து. அந்தத் தானம் நான்கினால் உயர்வோ தாழ்வோ அடைகிறது என்றும் அவர் அருளியுள்ளார். கொடுக்கும் முறை, கொடுக்கும் பொருள், கொடுப்பவர், ஏற்பவர் ஆகியவையே அந்நான்கு. இவற்றுள் முறையே முதலில் வைக்கப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். கொடுப்பவருக்குச் சொல்லப்பட்ட ஏழு குணங்களில் சிரத்தையும் பக்தியும் இருப்பதைப் போலவே, தக்கது இன்னது எனத் தேரும் அறிவும், பொறுமையும் இடம்பெற்றிருக்கின்றன.

'இவையெல்லாம் முனிவர்களுக்கு ஆகாரம் அளிப்பதற்கு உரிய விதிகள் ஆயிற்றே. வெள்ளத்திலும் புயலிலும் வீடிழந்தவர்க்குச் சோறிடுவதற்கு இத்தனை இலக்கணம் வேண்டுமா?' என்று சிலர் கேட்கக்கூடும். ஆதிபுராணத்தில் ஜினசேன ஆசாரியர் கொடையை நான்காகப் பகுத்து, அஞ்சி நடுங்கும் உயிர்களுக்கு இரக்கத்தோடு அபயம் அளிப்பதைத் தயாதத்தி என்று பெயரிட்டு அவற்றுள் ஒன்றாக வைத்திருக்கிறார். ஆகவே இடருற்றார்க்கு உதவுவதும் தானமே. தானம் என்றால் அதற்கு முறையும் உண்டு. அம்முறையை அறியாமல் யானே ஒருமுறை தவறியிருக்கிறேன். அதைச் சொல்லாமல் இவ்வறவுரையைத் தொடர்வது நேர்மை ஆகாது.

26.12.2004 அன்று ஆழிப்பேரலை நம் கடற்கரைகளைத் தாக்கியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அப்போது யான் ஆசிரியர் பயிற்சி மாணவியருக்குப் பாடம் சொல்லிவந்தேன். மாணவியரும் யானும் வீடுவீடாகச் சென்று துணிமணிகள் திரட்டினோம். பத்து நாட்களில் ஒரு லாரி நிறைந்துவிட்டது. யாருக்கு, எது, எவ்வளவு என்று நாங்கள் ஒருவரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்ற எண்ணமே எழவில்லை. லாரி நிறைந்ததைக் கண்டு மனம் நிறைந்தோம்.

நாகப்பட்டினத்தை நெருங்கியபோது சாலையின் இருமருங்கும் பழந்துணிகள் குவியல் குவியலாகக் கிடந்தன. எங்களுக்கு முன்னே வந்த லாரிகள் கொட்டிவிட்டுச் சென்றவை அவை. பனியில் நனைந்து, மண் படிந்து, ஆடுமாடுகள் மிதித்துக் கிடந்தன. நாங்கள் ஒரு மீனவர் குப்பத்தில் இறங்கி எங்கள் மூட்டைகளை அவிழ்த்தோம். நடுவயதுடைய ஒரு தாய் வந்தார். மேலாக இருந்த ஒரு சேலையை விரித்துப் பார்த்தார். அதன் நடுவே முழ நீளத்துக்குக் கிழிசல். அதைக் கோபமின்றி மடித்துத் திரும்ப வைத்துவிட்டு, "டீச்சரம்மா, நாங்க கடல்ல போயி சம்பாரிச்சு நல்ல துணி உடுத்துனவங்கதான். எங்களுக்கு வலையும் படகும் கிடைக்க வழி சொல்லுங்க; சேலைய நாங்களே வாங்கிக்குவோம்" என்றார்.

என்னால் மறுமொழி கூற இயலவில்லை. அந்தச் சேலை என் வீட்டு மூட்டையிலிருந்து வந்தது என்பதை அவர் அறியார், யான் அறிவேன். எனக்கு வேண்டாததை அகற்றிவிட்டு அதற்குத் தானம் என்று பெயர் சூட்டியிருந்தேன். பகவான் முன்னே யானையைக் கொண்டுவந்து நிறுத்தியவர்களேனும் தம்மிடமிருந்த உயர்ந்த பொருளைக் கொண்டுவந்தார்கள். யான் அதுவும் செய்யவில்லை.

அந்தத் தாய் கேட்டது பொருளை அன்று, வழியை. அவ்வாறு வழி காட்டிய தொண்டு எங்கேனும் நடந்திருக்கிறதா என்று பின்னாளில் தேடிப் படித்தபோது, குஜராத் மாநிலத்துக் கச்சு மாவட்டத்தின் வரலாறு என் கண்ணைத் திறந்தது. சமண சமயத்தோடு பல நூற்றாண்டுத் தொடர்புடைய மண் அது. பரப்பளவில் நம் நாட்டின் மிகப் பெரிய மாவட்டம். ஆனால் மழை அரிது. வடக்கிலும் கிழக்கிலும் உப்புப் பாலையாகிய ரண் பரந்து கிடக்கிறது. வறட்சி அங்கே அடிக்கடி வரும் விருந்தாளி. 1819லும் 1956லும் அங்கே பெரும் நிலநடுக்கங்கள் நிகழ்ந்தன. 1998இல் கடும்புயல் காண்ட்லா துறைமுகப் பகுதியைச் சூறையாடியது.

26.1.2001, குடியரசு நாள். காலை 8.46 மணிக்கு அம்மண்ணை 7.7 அளவுள்ள நிலநடுக்கம் குலுக்கியது. பச்சாவ், அஞ்சார், ராபர், புஜ் ஆகிய ஊர்கள் நிலைகுலைந்தன. அரசுக் கணக்கின்படியே 13,800க்கும் மேற்பட்டோர் மாண்டனர். புஜ் நகரின் அரசு மருத்துவமனையே இடிந்து வீழ்ந்தமையால் காயமுற்றவர்களுக்குத் திறந்தவெளி மைதானத்தில் சிகிச்சை அளிக்க நேர்ந்தது. அஞ்சார் நகரில் தேசியக் கொடி ஏந்திக் குறுகிய தெருவில் அணிவகுத்துச் சென்ற பள்ளிச் சிறுவர் சிறுமியர் 185 பேரும் ஆசிரியர் 20 பேரும் இருபுறக் கட்டடங்களும் சரிந்து புதையுண்டு மாண்டனர். வகுப்பறையில் வாழ்நாளைக் கழித்த எனக்கு இச்செய்தியை இன்றும் கண்ணீரின்றி எழுத இயலவில்லை. அக்குழந்தைகளின் நினைவாக எழுப்பப்பட்ட மண்டபம் 2022ஆம் ஆண்டு அங்கே திறக்கப்பட்டது.

பல்வேறு நாடுகளிலிருந்தும் உதவி வந்து குவிந்தது. உதவி வந்தபின்னும் ஊரார் உள்ளத்தில் அச்சம் தீரவில்லை. யாருக்கு எவ்வளவு நிவாரணம்? எந்த அலுவலகத்தில் மனுக் கொடுப்பது? இருந்த ஊரிலேயே வாழ விடுவார்களா, புதிய இடத்துக்கு அனுப்பிவிடுவார்களா? எழுதப் படிக்க அறியாத விதவை ஒருத்தி இவற்றை யாரிடம் கேட்பாள்?

1998ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின், கச்சு மாவட்டத்துத் தொண்டு நிறுவனங்கள் தனித்தனியே ஓடிக் களைப்பதை விடுத்து, 'கச்சு நவநிர்மாண் அபியான்' என்னும் கூட்டமைப்பாக ஒன்றுபட்டிருந்தன. அக்கூட்டமைப்பு நிலநடுக்கத்துக்குப் பின் சில ஊர்களுக்கு ஒன்றாக 'சேது' என்னும் நிலையங்களை அமைத்தது. சேது என்றால் பாலம் என்பதை நாம் அறிவோம். அரசின் ஆணைகளை ஊராருக்கு விளங்கும் மொழியில் எடுத்துரைப்பதும், ஊராரின் தேவைகளையும் குறைகளையும் அரசுக்கு எடுத்துச் செல்வதும், யார் பெயர் பட்டியலில் விடுபட்டது என்று பார்ப்பதும் அந்நிலையங்களின் பணி. பொருள் கொடுத்ததைவிடச் செவி கொடுத்ததே அவை செய்த பெருந்தொண்டு எனலாம்.

செவி கொடுத்ததனால் ஓர் உண்மை வெளிப்பட்டது. ஊரார் பெரும்பாலும் தம் நிலத்தையும் கிணற்றையும் அண்டை அயலாரையும் விட்டு வேற்றிடம் செல்ல விரும்பவில்லை. பிறர் கட்டித் தரும் வரிசை வீடுகளைவிடத் தம் மனையில் தாமே கட்டிக்கொள்ளும் வீட்டையே பெரும்பாலோர் தெரிந்துகொண்டனர். அரசும் அதற்கு இசைந்து, வீட்டுக்குரியவரிடமே பணத்தைத் தவணைகளாக அளித்தது. பொறியாளர் வந்து கட்டுமானத்தைப் பார்த்து ஒப்பிய பின் அடுத்த தவணை கிடைக்கும். உள்ளூர்க் கொத்தனார்கள் ஆயிரக்கணக்கில் பயிற்சி பெற்றனர். அடித்தளத்துக்கு மேலும், சன்னல் வாசல்களின் தலைமட்டத்திலும், கூரைக்குக் கீழும் சுவரைச் சுற்றிக் கம்பி வைத்த கான்கிரீட் பட்டை இட வேண்டும். மூலைகளில் செங்குத்தாகக் கம்பி நிறுத்த வேண்டும் என்பவற்றை அவர்கள் கற்றனர். களிமண் சாந்தில் கரடுமுரடான கற்களை அடுக்கி, மேலே கனத்த கூரையை ஏற்றிய வீடுகளே பெரிதும் உயிர்களைக் குடித்தன. அப்பகுதி மக்கள் முன்னோர் வழியில் கட்டிவந்த 'புங்கா' என்னும் வட்ட வடிவ மண் வீடுகளோ, கனம் குறைந்த கூம்பு வடிவக் கூரையால் பெரும்பாலும் நிலைத்து நின்றன. உதவி செய்ய வந்தவர்கள் ஊராரிடமிருந்து கற்க வேண்டியதும் உண்டு என்பதை அந்த மண்சுவர்கள் உணர்த்தின.

ஆகாரம், ஔஷதம், சாத்திரம், அபயம் என நால்வகைத் தானம் நமக்குக் கூறப்பட்டுள்ளது. கச்சு மண்ணில் நிகழ்ந்ததை இந்நான்கோடு பொருத்திப் பாருங்கள். முதல் நாட்களில் உணவும் மருந்தும் வந்தன. அவை இன்றியமையாதவை. ஆனால் இன்று உண்டவருக்கு நாளையும் பசி வரும். கொத்தனாருக்குப் புகட்டிய கலையும் விதவைக்கு விளக்கிய விதியும் அறிவுத் தானம். அவ்வறிவைக் கொண்டு தாமே எழுப்பிய சுவருக்குள், 'இனி இது நம் மேல் விழாது' என்று குழந்தையைக் கிடத்திவிட்டு ஒரு தாய் கண்ணயர்ந்தாளே, அதுவே அபய தானம். நான்கிலும் அபயமே உயர்ந்தது என்று ஆன்றோர் சொல்வதன் பொருளை இதைவிடத் தெளிவாக எங்கே காண்பது?

பெண்களுக்கும் அவ்வாறே வழி பிறந்தது. தன்தொழில் புரியும் மகளிர் சங்கமாகிய 'சேவா' போன்ற அமைப்புகள், வீடிழந்து கூடாரங்களில் இருந்த பெண்களுக்கு அவர்கள் வழிவழியாகக் கைவரப்பெற்ற பூத்தையல் வேலையைத் தொடர வழிசெய்தன. தம் உழைப்பின் ஊதியத்தைக் கையில் வாங்கியபோது அவர்கள் இரவலர் அல்லர், தொழிலாளர். நாகையில் அந்தத் தாய் என்னிடம் கேட்டதும் இதுவேயன்றோ! நம் சமயத்தைச் சார்ந்த ஆசாரிய சந்தனாஜி அம்மையாரின் 'வீராயதன்' அமைப்பும் கச்சுக்குச் சென்று, இடிந்த பள்ளிகளுக்கு மாற்றாகத் தற்காலிகப் பள்ளிகளை நடத்தியது. பின்னர் அங்கேயே தங்கிக் கல்வி நிலையங்களையும் நிறுவியது. முதல் வாரத்தில் ஓடி வருவோர் பலர். ஆண்டுகள் கழிந்தும் அகலாதிருப்போர் சிலர். கொடுப்பவருக்குரிய குணங்களுள் பொறுமையும் ஏன் வைக்கப்பட்டது என்பது இதனால் விளங்கும்.

இதே கச்சு மண்ணில், கடற்கரையூராகிய பத்ரேஸ்வரத்தில், 13ஆம் நூற்றாண்டில் ஜகடூ என்னும் சமண வணிகர் வாழ்ந்தார். ஸர்வாநந்தர் வடமொழியில் இயற்றிய ஜகடூ சரிதம் அவர்தம் வரலாற்றைக் கூறுகிறது. மூன்றாண்டுப் பஞ்சம் வரப்போவதைத் தம் குருநாதர் வாயிலாக முன்னரே அறிந்து, அவர் தானியத்தை வாங்கிச் சேர்த்துவைத்தார். பஞ்சம் வந்தது. அரசரே தானியம் வேண்டி அவரை நாடினார். 'இங்கே என்னுடைய தானியம் ஒன்றும் இல்லை' என்ற பொருள்பட விடை கூறினார் ஜகடூ. களஞ்சியங்களைத் திறந்து பார்த்தபோது, இது ஏழைகளுக்கு உரியது என்று பொறித்த செப்பேடு அங்கே இருந்ததாம். விலையேற்றம் நோக்கிப் பதுக்குபவரும் பஞ்சம் நோக்கிச் சேமிப்பவரும் செய்யும் செயல் வெளிப்பார்வைக்கு ஒன்றே. உள்ளே இருக்கும் எண்ணத்தால் ஒன்று பாவமாகிறது, மற்றொன்று அறமாகிறது.

அந்நூல் கூறும் மற்றொரு செய்தி என் நெஞ்சை விட்டு அகலுவதில்லை. பஞ்ச காலத்தில் அன்னசாலைக்கு வந்து கையேந்த நாணிய குடும்பத்தினர் பலர் இருந்தனர். அவர்களுக்காக ஜகடூ, உள்ளே பொற்காசு மறைத்த இனிப்பு உருண்டைகளை இரவு நேரத்தில் வழங்கினாராம். அதற்கு 'லஜ்ஜா பிண்டம்' என்று பெயர். நாணத்தைக் காக்கும் உருண்டை என்று அதற்கு நாம் பொருள் கொள்ளலாம். கொடுத்தவர் பெயர் விளங்க வேண்டும் என்று அவர் கருதவில்லை. ஏற்றவர் முகம் வாடக்கூடாது என்று கருதினார். அவர் போற்றிய பத்ரேஸ்வர ஜினாலயமும் 2001ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் பெரிதும் சிதைந்து, பின்னர் மீண்டும் எழுப்பப்பட்டது. ஆலயங்கள் இடியும், எழும். அந்த லஜ்ஜா பிண்டத்தின் அறம் இடியாமல் காப்பது நம் கையில் இருக்கிறது.

அன்பர்களே! கச்சு தொலைவில் இருக்கிறது என்று எண்ணிவிட வேண்டா. 30.11.2024 அன்று இரவு 'ஃபெஞ்சல்' புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. அடுத்துச் சாத்தனூர் அணையிலிருந்து 1,68,000 கன அடி அளவுக்கு நீர் திறந்துவிடப்பட, தென்பெண்ணைக் கரையூர்கள் நீரில் மூழ்கின. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்கள் நம் முன்னோர் குடியிருந்த மாவட்டங்கள். திண்டிவனம், செஞ்சி, வந்தவாசி, ஆரணி வட்டங்களில் உள்ள நம் ஊர்களில் இன்று பல வீடுகளில் முதியோரே இருக்கின்றனர். பிள்ளைகள் சென்னையிலும் வெளிநாடுகளிலும் இருக்கின்றனர். இரவில் நீர் புகுந்தால் அம்முதியோரை எழுப்புபவர் யார்? பிள்ளைகள் அனுப்பும் பணம் மறுநாள் வரும். அந்த இரவில் வருபவர் பக்கத்து வீட்டுக்காரரே. அவர் எச்சாதியினர், எச்சமயத்தினர் என்று வெள்ளம் பார்ப்பதில்லை. நாமும் பார்த்தல் ஆகாது.

ஆகவே நம் ஊர் ஜினாலயம் ஒவ்வொன்றிலும் சில எளிய செயல்களை மேற்கொள்ளலாம். தனித்து வாழும் முதியோர், கர்ப்பிணிகள், நடக்க இயலாதோர் ஆகியோரின் பெயர்ப் பட்டியல் ஒன்றை எழுதி, ஆண்டுதோறும் ஐப்பசி பிறக்குமுன் சரிபார்க்க வேண்டும். அப்பட்டியலில் நம்மவர் மட்டுமன்றி ஊரார் அனைவரும் இடம்பெற வேண்டும். யார் யாரை எழுப்பி அழைத்து வருவது, மேடான இடம் எது, எவ்வழி நீரில் மூழ்கும் என்பவற்றை முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். நாள்தோறும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி எடுத்து வைக்கும் பழைய வழக்கத்தை மீண்டும் தொடங்கினால், இடர் வரும் நாளில் அடுப்பு மூட்டப் பிறரை எதிர்பார்க்க வேண்டியதில்லை. தொழுவத்தில் கட்டிய மாடு வெள்ளம் வந்தால் ஓட இயலாது. நீர் ஏறுமுன் அதன் கயிற்றை அவிழ்த்துவிடுவதும் அபய தானமே. அந்த ஒரு முடிச்சை அவிழ்க்கச் செல்வம் வேண்டுமா?

வெள்ளம் வடிந்தபின் உதவச் செல்பவர்கள் முதலில் வெறுங்கையோடு சென்று உட்கார்ந்து கேட்க வேண்டும். நனைந்து போன குடும்ப அட்டைக்கும் பட்டாவுக்கும் மனு எழுதித் தர ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் போதும். நம் சமூகத்தில் ஆசிரியர்களுக்குக் குறைவில்லை. துணி கொடுக்க நேர்ந்தால் நம் மகளுக்கு எதைக் கொடுப்போமோ அதைக் கொடுக்க வேண்டும். ஏற்பவரை வரிசையில் நிறுத்திப் படம் எடுக்கும் வழக்கத்தை அறவே ஒழிக்க வேண்டும். அந்தப் படத்தில் இருப்பது நேற்றுவரை தம் வாசலுக்கு வந்தவர்க்குச் சோறிட்ட ஒரு குடும்பத்தின் முகம்.

வினைப்பயனால் வந்த துன்பம்தானே, நாம் என் செய்வது என்று வாளா இருப்பது நம் சமயத்தின் கருத்தன்று. அவர்கள் துன்பம் அவர்கள் வினையின் பயன் என்று கொண்டாலும், அதைக் கண்டபோது நாம் இரங்கினோமா இல்லையா என்பது நம் வினை. உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவி வாழ்வதையே தம் இயல்பாக உடையன என்பது ஆகமத்தின் துணிபு. இன்று கொடுப்பவர் நாளை ஏற்பவராகலாம். அந்நாளில் பிறர் நம்மிடம் எவ்வாறு வரவேண்டும் என்று விரும்புவோமோ, அவ்வாறே இன்று நாம் பிறரிடம் செல்வோமாக.

அந்தக் கிழிந்த சேலையை யான் திரும்ப எடுத்துவந்தேன். இன்றும் என் பெட்டியில் இருக்கிறது. யாருக்கேனும் எதையேனும் கொடுக்கப் புறப்படும் போதெல்லாம் அதை ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டே புறப்படுகிறேன்.

ஆதிபகவன் திருவடி போற்றி! நல்லறம் வாழ்க! எவ்வுயிரும் அச்சமின்றி வாழ்க! ஜய ஜினேந்திர.